நெடுமங்காட்டுத் துப்பாக்கியின் போல்ட்

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களிடம் சத்தியம் செய்து கெஞ்ச எனக்கு நேரமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது நள்ளிரவில் அல்ல. பட்டப்பகலில், எரிகிற டியூப்லைட்டுக்குக் கீழே, திருவனந்தபுரம் ஆரியசாலையில். அதனால் இன்றுவரை எனக்கு இருட்டைக் கண்டு பயமில்லை. பகல் மூன்று மணியானால்தான்... சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் செல்வமணி. பெயரைக் கேட்டு ஆண் என்று நினைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. "மெக்கானிக் எவிடே?" என்று என்னிடமே கேட்பார்கள். "ஒங்க முன்னாடிதான் நிக்கேன்" என்பேன். அப்பா வள்ளியூரிலிருந்து இங்கே சாலை என்கிற பஜாரின் கடைகளுக்கு மூட்டை தூக்க வந்தவர். நான் பிறந்தது கரமனையில். ஐ.டி.ஐ.யில் டர்னர் என்கிற லேத் கடைசல் வேலை படித்தேன். பதினாறு வருஷமாகக் கோலப்பன் அண்ணாச்சியின் துப்பாக்கி ரிப்பேர் கடையில் வேலை. லைசென்ஸ் அவருடையது. கை என்னுடையது.

இந்தக் கதையில் நேரத்தை மணி, நிமிஷத்தோடு சொல்வேன். ஊகமில்லை. எங்கள் தொழிலில் ஆயுதத்தைப் பெட்டகத்திலிருந்து எடுத்த நேரம், என்ன வேலை செய்தோம், திரும்ப வைத்த நேரம் எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதி எழுதி எனக்கு அது பழக்கமாகிவிட்டது. சுவர்க்கடிகாரத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைக்கூடத் தொடமாட்டேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, நெடுமங்காட்டுக்கு அப்பாலிருந்து ஸ்ரீகண்டன் என்றொரு விவசாயி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒற்றைக்குழல் துப்பாக்கி. பழசு. குழல் அளவு பன்னிரண்டு போர்.

"இது எங்க அண்ணன்றெ தோக்கு, சேச்சி. அண்ணனுக்கு இனி வேண்டா. லைசென்ஸ் என் பேருக்கு மாத்தணும். காட்டுப்பன்னி வந்து மரச்சீனிக் கிழங்கு முழுக்கக் கிளறி நசிப்பிச்சாச்சு."

"என்ன கோளாறு?"

"விசை இழுத்தா திரும்பி வரல்ல. புதன்கிழமை காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன்ல காட்டணும். இந்தத் தடவை விட்டா பின்னே எப்போன்னு தெரியாது."

விசைக்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பின்பக்க மரக்கட்டையைக் கழற்ற வேண்டும். தோளில் வைத்துக்கொள்வோமே, அந்தக் கட்டை. அதன் பின்புறத் தகட்டை எடுத்தால் ஒரு நீளத் துளை இருக்கும். துளைக்குள்ளே, ஐந்து அங்குலம் ஆழத்தில், ஒரு போல்ட். அதுதான் மரத்தையும் இரும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும்.

"அந்த போல்ட்தான் கழறல்ல, சேச்சி. ரெண்டு மெக்கானிக் பாத்தாச்சு. ஒருத்தனோட ஸ்க்ரூடிரைவர் ஒடிஞ்சு போச்சு. மத்தவன் ஒண்ணும் பறயாம திருப்பிக் குடுத்துட்டான்."

"இங்க கழறும்" என்றேன்.

கோலப்பன் அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஸ்ரீகண்டன் போனபிறகு, "முடியலைன்னா நாகர்கோவில்ல நம்ம குற்றாலலிங்கத்துக்கிட்ட அனுப்புவோம் மக்ளே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷத்தில் நான் திருப்பி அனுப்பிய துப்பாக்கி ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் வேறு வேலையில் போயின. திங்கள் இரவு திடீரென்று, மறுநாள் ஹர்த்தால், முழுக் கடையடைப்பு என்று அறிவித்துவிட்டார்கள். அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். பஸ் இல்லை, வர முடியாது. "நீயும் வீட்ல இரி" என்றார் போனில். நான் வீட்டில் இருக்கவில்லை. செவ்வாய் காலை கரமனையிலிருந்து நடந்தே வந்தேன்.

சாலை பஜாரை அப்படி நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒரு கடை இல்லை. ஒரு ஆட்டோ இல்லை. மூட்டை இழுக்கிற வண்டிகள் சுவரோரமாகக் கவிழ்ந்து கிடந்தன. கொத்தமல்லி, மிளகாய் வாடை மட்டும் தெருவில் நின்றது. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. கல்லெறி வருமோ என்று ஷட்டரை ஒரு ஆள் குனிகிற அளவுக்குத் தூக்கி, உள்ளே போய், மறுபடி கொஞ்சம் இடைவெளி விட்டு இறக்கிவிட்டேன்.

ரெஜிஸ்டரில் எழுதினேன். 10:20.

முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு தடவை. குழலைக் கழற்றித் தனியாக வைத்தேன். 10:35க்குப் பின்தகட்டை எடுத்தேன். அதன் இரண்டு ஸ்க்ரூவும் சுலபமாக வந்தன. துளைக்குள் டார்ச் அடித்தேன்.

போல்ட்டின் தலை தெரிந்தது. அதன் நடுவில் ஸ்க்ரூடிரைவர் பொருந்துகிற வெட்டு. அந்த வெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு பேர் பார்த்தார்களாம். ஒருத்தன் டிரைவரையே ஒடித்தானாம். அப்படியானால் வெட்டின் விளிம்பு கடித்துக் குதறிப் போயிருக்க வேண்டும். இது நேற்று லேத்தில் வெட்டியதுபோல இருந்தது.

சரி, பொய் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இறுகிப்போன திருகுமரைக்கு முதல் வைத்தியம் எண்ணெய். இரும்புப் பாகத்தை மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் கடிக்கக் கொடுத்து, கட்டையின் துளை மேலே பார்க்கும்படி நிறுத்தினேன். எண்ணெயை ஊற்றினேன். ஒரு மூடி.

மடக்.

துளைக்குள்ளிருந்து கேட்டது. காற்றுக்குமிழி உடைந்திருக்கும். இன்னொரு மூடி ஊற்றினேன்.

மடக்... மடக்.

தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம். அச்சு அசல் அதே. மூன்றாவது மூடிக்குத் துளை நிரம்பி வழிய வேண்டும். வழியவில்லை. கீழே விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"குடிச்சிக்கோ" என்றேன் சத்தமாக. "எத்தனை குடிக்கணுமோ குடி. கழட்டாம விடப்போறதில்ல."

சிரிப்பு வந்தது எனக்கு. அப்போது பயமில்லை.

எண்ணெய் ஊற ஒரு மணி நேரம் விட்டேன். 11:50. அடுத்தது தட்டல். நீள இரும்புக்கம்பியைத் துளைக்குள் விட்டு, போல்ட்டின் தலையில் பொருத்தி, கம்பியின் மேல் சுத்தியலால் தட்டுவது. மரையில் பிடித்திருக்கிற துரு அதிர்ந்து விடும். மூன்று தட்டு தட்டினேன்.

டக். டக். டக்.

டக்.

நாலாவது நான் தட்டியதில்லை.

சுத்தியலைப் பார்த்தேன். அது என் கையில், காற்றில் இருந்தது. எதிரொலியா? அந்தக் கடையில் பதினாறு வருஷமாகத் தட்டுகிறேன். எதிரொலி கிடையாது. மின்விசிறியை நிறுத்தினேன். வெளியே காக்கைகூடக் கத்தவில்லை. இரண்டு தட்டு தட்டினேன்.

மூன்று கேட்டது.

இந்தத் தடவை காதில் மட்டும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த இடது கைக்குக் கீழேயிருந்து மேலே ஏறி வந்தது.

நான் தட்டவேயில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அரை நிமிஷம் இருக்கும்.

டக்.

கம்பியை உருவி மேஜையில் போட்டேன். குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ கடைக்குள் வந்து, என் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, என்னையே பார்த்துச் சிரித்ததுபோல.

நீள டிரைவரை எடுத்தேன். இந்த வேலைக்கென்று நானே லேத்தில் செய்தது. வெட்டில் பொருத்தி, கைப்பிடியில் ஸ்பேனரை மாட்டி, உடம்பு முழுவதையும் சாய்த்துத் திருகினேன். 12:25க்குக் 'கிரீச்' என்றது. கால்வாசி சுற்று வந்துவிட்டது!

டிரைவரை வெட்டிலேயே விட்டுவிட்டு, அதன் தண்டிலும் கட்டையின் விளிம்பிலும் சாக்பீஸால் நேருக்கு நேர் ஒரு கோடு போட்டேன். கொண்டுவந்த தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு 1:15க்குத் திரும்பி வந்தேன்.

இரண்டு கோடுகளும் நேராக இல்லை.

தண்டிலிருந்த கோடு வலது பக்கம் போயிருந்தது. நான் கழற்றிய கால் சுற்றும் திரும்ப முறுகி, அதற்கு மேலும் முறுகியிருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணை எடுக்கவில்லை. 1:22. கைப்பிடி நகர்ந்தது. கடிகாரத்தின் நிமிஷமுள் மாதிரி... மெதுவாக... தானாக. வலது பக்கமாக.

பாய்ந்து பிடித்தேன். நின்றது.

ஆனால் அந்த இரும்புத் தண்டுக்குள் ஏதோ துடித்தது. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, இது திரும்ப முறுகுது."

"எது?"

"போல்ட்டு. தானா."

பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"விட்டுரு மக்ளே. பூட்டிட்டு வீட்டுக்குப் போ. பழைய சாதனத்துல சிலதுல ஆளு இருக்கும்."

"ஆளு இருந்தா எறங்கிப் போகட்டும் அண்ணாச்சி. நான் எதுக்குப் போகணும்?"

"செல்வமணி..."

வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். போனை வைத்தபின் ஷட்டர்வரை போனேன். அதன் பிடியில் கை வைத்தேன். கீழே இடைவெளியில் வெயில் தெரிந்தது. குனிந்தால் வெளியே போய்விடலாம். அப்போது ஒன்று நினைத்தேன். ஏற்கெனவே இரண்டு பேர் இதைக் கைவிட்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கைவிட்டால், 'பொம்பளைதானே' என்பார்கள். பேய் பிடித்த துப்பாக்கி என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

ஷட்டரை இன்னும் கீழே இறக்கினேன். தரையில் முட்டும்வரை.

2:05. கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சினேன். சூடு வைத்தால் இரும்பு விரியும், பிடி தளரும். எதற்கும் அசையாத மரை இதற்கு அசையும். டிரைவரை உருவிவிட்டு, கம்பியைத் துளைக்குள் விட்டுப் போல்ட்டின் தலையில் வைத்தேன்.

ஸ்ஸ்ஸ்...

அதற்குப் பின்னால்...

"ம்ம்ம்ம்..."

ஆண் குரல். வாயைத் திறக்க முடியாதவன் வலியில் முனகுகிற மாதிரி.

துளையிலிருந்து வாடை வந்தது. எண்ணெய் வாடை இல்லை, கருகிய மர வாடையும் இல்லை. டெட்டாலும் டால்கம் பவுடரும் கலந்து, நாள்பட்ட படுக்கையில் அடிக்குமே... அது.

கம்பியை வெளியே எடுத்தேன்.

பாவமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை. ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது.

பிறகு மறுபடியும் வைத்தேன்.

2:40. இனி கடைசி வழி. டிரைவரைத் தலைகீழாக, நுனி மேலே பார்க்க, வைஸில் இறுக்கினேன். கட்டையை அதன்மேல் இறக்கி நுனியை வெட்டில் பொருத்தினேன். இப்போது டிரைவர் அசையாது. துப்பாக்கியைத்தான் திருக வேண்டும். குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். திருகினேன்.

வரவில்லை.

மறுபடி.

கொஞ்சம் வந்தது. உடனே எதிர்ப்பக்கம் இழுத்தது. துருவின் பிடி இப்படி இருக்காது. துரு சும்மா நிற்கும், எதிர்த்து இழுக்காது. இது இழுத்தது. நான் மூச்சு வாங்கும்போது அதுவும் நிறுத்தியது. நான் இழுத்தால் அதுவும் இழுத்தது.

3:00.

3:05.

வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. எடுத்தால் அத்தனையும் திரும்ப முறுகிவிடும்.

3:11.

என் வலது கையின்மேல் குளிர்ச்சியாக ஏதோ படிந்தது.

குனிந்து பார்த்தேன்.

ஒன்றுமில்லை.

ஆனால் என் விரல்கள் அமுங்கின. புறங்கைத் தோலில் நாலு குழி விழுந்தது. பெரிய கை. என் கையைவிட இரண்டு மடங்கு. அது என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

சுண்டு விரல்.

மோதிர விரல்...

"கைய எடுல!"

நான்தான் கத்தினேன். அப்பா மூட்டைக்காரர்களிடம் கத்துகிற அதே தொண்டையில்.

அழுத்தம் கூடியது.

"கைய எடுல! இது என் வேலை!"

நடுவிரல்.

பல்லைக் கடித்தேன். கண்ணை மூடினேன்.

"கைய... எடுல!"

விட்டது.

துப்பாக்கி என் நெஞ்சோடு சுழன்றது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. எண்ணெய் போட்ட கதவுமாதிரி. கடைக்குள் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. உள்ளே இழுக்காத மூச்சு. வெளியே மட்டும்.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 3:17.

கட்டையைத் தூக்கி, போல்ட்டைக் கையில் எடுத்தேன். விளக்குக்கு நேராகப் பிடித்தேன். மரை முழுவதும் பளபளவென்று இருந்தது. துரு இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. அது இறுகியிருக்க எந்தக் காரணமும் இல்லை.

மற்ற வேலையெல்லாம் சாதாரணமாக நடந்தது. ஸ்பிரிங் ஒடிந்துதான் இருந்தது. புதிது போட்டேன். கட்டையை மாட்டினேன். அதே போல்ட் விரலாலேயே முக்கால்வாசி இறங்கியது. 5:10க்குப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, கையெழுத்துப் போட்டேன். வலது புறங்கையில் நாலு நீலத் தடம் மூன்று நாள் இருந்தது. அண்ணாச்சியிடம் போல்ட் கழன்றது என்று மட்டும் சொன்னேன். கத்தியதை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே கடையைத் திறந்து காத்திருந்தேன். பத்தாயிற்று. பன்னிரண்டாயிற்று. ஸ்ரீகண்டன் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

பதினெட்டாவது நாள் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கூட வெள்ளை வேட்டியும் நேரியது என்கிற மேல்துணியும் உடுத்த ஒரு அம்மா. "அண்ணன்றெ வைஃப், லீலாபாய்" என்றார். "அண்ணன் மரிச்சுப்போச்சு சேச்சி. அதான் வர முடியல்ல."

எனக்குப் புரியவில்லை.

"எந்த அண்ணன்?"

"தோக்குக்காரன் அண்ணன்தான்."

"அவர் முந்தியே இறந்துட்டார்னுல்லா நான் நெனச்சேன்?"

லீலாபாய் ஸ்டூலில் உட்கார்ந்தார். பாதி தமிழும் பாதி மலையாளமுமாக அவர்தான் சொன்னார். மூன்று வருஷம் முன்னால் ஒரு விடியற்காலையில் அந்த மனிதர் காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கியோடு மரச்சீனித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். தேடிப் போனபோது வரப்பில் விழுந்து கிடந்தாராம். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. உயிர் இருந்தது.

"தோக்க மட்டும் விடல்ல மோளே. கையிலேர்ந்து வாங்கணும்னு விரலெ ஒவ்வொண்ணா பிரிச்சு எடுக்க வேண்டி வந்தது. அதுக்கப்புறம் மூணு வருஷம் ஒரே கிடப்பு. ஒரு விரல் அசையல்ல. ஒரு வாக்கு பேசல்ல."

நான் என் வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"எப்ப இறந்தாங்க?"

"அந்த ஹர்த்தால் அன்னிக்கு. செவ்வாய்."

வெளியே சாலை பஜாரில் அன்று பயங்கர இரைச்சல். லாரி, ஹாரன், மூட்டைக்காரர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"நிங்க தமிழாணல்லோ, அதான் ஒரு காரியம் பறயணும். எங்க வீட்டுக்குள்ள மலையாளம்தான், இந்தக் கொஞ்சம் தமிழ் நானும் ஸ்ரீகண்டனும் சந்தையில படிச்சது. அவர் ஜீவிதத்துல தமிழ் பறஞ்சதே இல்ல. ஆனா அன்னிக்கு, நான் பக்கத்துல இருக்கும்போ, மூணு வருஷத்துக்கப்புறம் வாய் திறந்தார். தமிழ்ல பறஞ்சார்."

"என்ன சொன்னார்?"

லீலாபாய் கண்ணை மூடி, ஒவ்வொரு எழுத்தாக ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னார்.

"'கைய எடுல.' மூணு தடவை. யாரோ அவர்கிட்ட பறயறத, அவரு திருப்பிப் பறயற மாதிரி. ஆரோட சப்தத்த கேட்டாரோ, அறியல்ல."

பெட்டகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவ்வளவுதானா?"

"இல்ல. கடசியில மலையாளத்துல ஒரு வாக்கு. ஆருக்கோ பதில் குடுக்கற மாதிரி."

"என்ன?"

"'எடுத்து.'"

எடுத்துவிட்டேன், என்று அர்த்தம்.

"பின்னே ஒரு நெடிய மூச்சு விட்டார். தீர்ந்தது. நான் மணி பாத்தேன், மோளே. மூணு பதினேழு."